இயன் மருத்துவருக்குக் கலாநிதிப் பட்டம்: யாருக்குப் பயன்?

பக்கவாதத்தால் விழுந்த ஒருவருக்கு நமது மலைநாட்டில் மாத்திரை கிடைத்துவிடுகிறது. இலவச வைத்திய சேவையின் புண்ணியத்தால் சில நாட்களுக்குக் கட்டிலும் கிடைத்துவிடுகிறது. ஆனால் வைத்தியசாலையை விட்டு வெளியேறிய பின்னர், செயலிழந்த கையையும் காலையும் மீண்டும் அசைக்கக் கற்றுக்கொடுப்பவர்தான் கிடைப்பதில்லை. கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ ரங்கலையிலிருந்தோ ஒரு நோயாளியை வாரம் இருமுறை கண்டிக்குக் கொண்டுவருவதென்றால் ஓட்டோவுக்கு ஒரு செலவு, பஸ்ஸுக்கு ஒரு செலவு, உடன் வருபவருக்கோ அன்றைய பேர் இல்லை. ஓரிரு மாதத்தில் அந்தப் பயணம் நின்றுவிடும். அதன்பின் கை மடங்கியபடியே இறுகிவிடும். வீட்டார் அதை விதியென்று ஏற்றுக்கொள்வார்கள்.

இப்படியான நிலையில் இயன் மருத்துவர்களின் கலாநிதிப் பட்டத்தைப் பற்றிப் பேசுவது, கஞ்சிக்கு வழியில்லாத வீட்டில் பந்திப்பாயைப் பற்றிப் பேசுவது போலத் தோன்றலாம். எனினும் பேசத்தான் வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, ஏற்கனவே வேலையிலிருக்கும் இயன் மருத்துவர்களுக்கென இணையவழியில் கலாநிதிப் பாடநெறிகளை நடத்துகின்றன. அவற்றின் விளம்பரங்களுக்குக் கடல் ஒரு தடையில்லை. பேராதனையில் நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்று, ஏதோவொரு வைத்தியசாலையில் தனியொருவராகப் பணிபுரியும் இளைஞரின் கைத்தொலைபேசிக்கும் அவை வந்து சேருகின்றன. அவர் என்ன செய்யவேண்டும் என்பது அவருடைய சொந்த விடயம் மட்டுமன்று. அவரைப் படிப்பித்தது இந்நாட்டின் இலவசக் கல்வி. அவருடைய கையை எதிர்பார்த்திருப்பவர்கள் நமது மக்கள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இலங்கையில் நாம் இயன் மருத்துவம் என்கிறோம். தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவம் என்கிறார்கள். சாதாரண பேச்சில் பிசியோதெரபி. தோட்டத்து முதியவரிடம் விசாரித்தால், "கரண்ட் வைக்கிற இடமா?" என்று திருப்பிக் கேட்பார். இக்கடைசிப் பெயரை நாம் சிரித்துத் தள்ளிவிடக்கூடாது. மின்கருவியைப் பொருத்திவிட்டுச் சில நிமிடங்களில் அடுத்தவரைக் கூப்பிடும் சிகிச்சையைத்தான் அவர் கண்டிருக்கிறார். நோயாளியைச் சோதித்து, காரணத்தை ஆராய்ந்து, பயிற்சியைத் திட்டமிட்டு, அதை அவரே வீட்டில் செய்யப் பழக்குவதுதான் இத்தொழிலின் உயிர் என்பதை அவர் அறிய வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் இத்தொழிலுக்கு நீண்டகாலம் இளமாணிப் பட்டம் போதுமானதாக இருந்தது. பின்னர் முதுமாணிப் பட்டம் வந்தது. 1993இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரிலுள்ள, யேசு சபையினரின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம், தொழிலில் நுழைவதற்கான பட்டத்தையே கலாநிதிப் பட்டமாக்கிப் பாடநெறியொன்றை ஆரம்பித்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க இயன் மருத்துவச் சங்கம், 2020அளவில் இச்சேவை கலாநிதிப் பட்டம் பெற்றோரால் வழங்கப்படவேண்டும் என்ற இலக்கை ஏற்றது. 2015 முடிவடைந்தபோது அங்கு அங்கீகாரம் பெற்ற நுழைவுப் பாடநெறிகள் யாவும் கலாநிதிப் பட்டத்துக்கு மாறியாகிவிட்டன. அப்படியாயின், பழைய பட்டத்தோடு வேலை செய்துகொண்டிருந்த பல்லாயிரம் பேர் என்னாவது? அவர்களுக்காகவே மாறுநிலைக் கலாநிதிப் பாடநெறி என்ற ஒன்று தோன்றியது. பகலில் நோயாளியைப் பார்த்து இரவில் படிக்கவேண்டியவர்களுக்கு அது பெரும்பாலும் தொலைக்கல்வியாக, பின்னர் இணையவழிக் கல்வியாக அமைந்தது. இது ஆய்வேடு எழுதிப் பெறும் பிஎச்.டி. அன்று, கையிலுள்ள தொழிலை இன்னும் நன்றாகச் செய்வதற்கான பட்டம். ஆங்கிலத்தில் டி.பி.டி. என்ற மூன்றெழுத்தால் குறிப்பார்கள்.

அந்தப் பாடநெறியில் என்ன இருக்கிறது என்று நோக்குவோமாயின், அதைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது என்பது புலப்படும். நோய்களை வேறுபடுத்தி அறிதல், மருந்துகளின் விளைவுகள், எக்ஸ்ரே மற்றும் எம்.ஆர்.ஐ. படங்களின் பயன், ஆய்வுக் கட்டுரையை வாசித்து அதன் தரத்தை எடைபோடுதல் ஆகியவை பொதுவாக அதில் இடம்பெறுகின்றன. உதாரணத்துக்கு இடுப்பு வலியையே எடுத்துக்கொள்வோம். செங்குத்தான மலையில் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இடுப்பு வலியும் கழுத்து வலியும் வருவதில் வியப்பில்லை. நூற்றில் மிகப் பெரும்பான்மையோருக்கு அது தசையிலும் மூட்டிலும் வரும் வலிதான். ஆனால் அப்படி வருபவர்களில் ஒருவருக்கு இரவிலும் ஓயாத வலி இருக்கலாம், உடல் மெலிந்திருக்கலாம், மாலையில் காய்ச்சல் காயலாம். அது முதுகெலும்பில் காசநோயாக இருக்கக்கூடும். இன்னொருவருக்குத் தொடைகளின் உட்பக்கம் மரத்து, சிறுநீர் தடைப்பட்டிருக்கலாம். அவர் அன்றைக்கே சத்திரசிகிச்சை நிபுணரைக் காணவேண்டியவர். ஒரு வாரம் பிந்தினால் வாழ்நாள் முழுவதும் குழாயோடு இருக்க நேரிடலாம். இவர்கள் இருவரையும் மற்றவர்களோடு வரிசையில் உட்காரவைத்து ஒத்தடம் கொடுத்து அனுப்புவது எவ்வளவு ஆபத்து!

வைத்தியர் பார்த்துத்தானே அனுப்புகிறார் என்று கேட்கலாம். நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் நாம் அறியாததன்று. இயன் மருத்துவரோ ஒரே நோயாளியைத் திரும்பத் திரும்பக் காண்பவர், தொட்டுப் பார்ப்பவர், பேச்சுக் கொடுப்பவர். ஆகவே சந்தேகத்துக்குரிய அறிகுறியைப் பிடிக்க அவருக்கே வாய்ப்பு அதிகம். பெரிய வைத்தியசாலையில் கேட்டறிய ஒரு மூத்தவராவது இருப்பார். நகரத்துக்கு வெளியே தனியாக இருப்பவருக்கு அப்படி எவருமில்லை. உண்மையில் மேற்படிப்பு யாருக்கு மிக அவசியமோ, அவர் வேலையை விட்டு வரவே முடியாத இடத்தில் இருக்கிறார். இணையவழிக் கல்விக்கு இதைவிட வலுவான நியாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, அப்படியானால் விண்ணப்பித்துவிடலாமா? பணம் கட்டுமுன் அறிந்துகொள்ளவேண்டிய சில உண்மைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் இயன் மருத்துவக் கல்வியை அங்கீகரிக்கும் ஆணைக்குழு, தொழில் நுழைவுப் பாடநெறிகளையே பரிசீலித்து அங்கீகரிக்கிறது. தொழிலிலிருப்போருக்கான மாறுநிலைப் பாடநெறிகளை அது அங்கீகரிப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்குரிய பொது அங்கீகாரம் வேறு, தொழிலுக்குரிய அங்கீகாரம் வேறு. விளம்பரத்தில் "அங்கீகாரம் பெற்றது" என்று இருந்தால் எது என்று எழுத்தில் கேட்கவேண்டும். அடுத்து, இப்பட்டம் அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதிப்பத்திரம் ஆகாது. வெளிநாட்டில் பயின்றவர் தமது அடிப்படைப் பட்டத்தின் பாடங்களை மதிப்பீட்டுக்கு ஒப்படைத்து, தேசிய பரீட்சையிலும் சித்தியடையவேண்டும். மாறுநிலைப் பாடநெறிகளில் பலவற்றுக்கு அமெரிக்க அனுமதிப்பத்திரம் இருந்தால்தான் இடமே கிடைக்கும். இலங்கையில் தொழில் செய்யத் தேவையான பதிவு இலங்கை மருத்துவ சபையினுடையது. அந்தப் பதிவோடு அரச சேவையிலிருப்பவரின் தரமும் சம்பளமும் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி அமைபவை. கடல்கடந்து வந்த சான்றிதழைக் கண்டவுடன் அவை உயர்ந்துவிடுவதில்லை.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கட்டணம் டொலரில், வருமானம் ரூபாவில். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. தவணை முறையில் வெளிநாட்டுக் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தவருக்கு அந்த மூன்று மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டும் இருந்தது. நேர வித்தியாசம் இன்னொரு தொல்லை. ஒமாஹாவில் குளிர்கால மாலை 7 மணிக்கு நேரடி வகுப்பு ஆரம்பித்தால், கண்டியில் மறுநாள் காலை 6.30, வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம்.

"டாக்டர்" என்ற முன்னொட்டைப் பற்றி எழுந்துள்ள சச்சரவையும் தொட்டுவிட்டுச் செல்வோம். இந்தியாவில் இணை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணைக்குழு 2025இல் வெளியிட்ட பாடத்திட்டம், இயன் மருத்துவர் தம் பெயருக்கு முன் டாக்டர் என்றும் பின்னால் பி.டி. என்றும் போட இடமளித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் திகதி சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் அதை நீக்கும்படி கடிதம் எழுதினார். மறுநாளே அக்கடிதம் மீளப் பெறப்பட்டது. ஒரே நாளில் இரண்டு நிலைப்பாடு! தமிழில் எழுதும் நமக்கு இச்சிக்கல் அவ்வளவு இல்லை. நோய்க்கு மருந்தெழுதுபவர் வைத்தியர், உயர்பட்டம் பெற்றவர் கலாநிதி. பேராதனைக்கு அருகில் வாழ்பவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கவே வேண்டியதில்லை. தோட்டங்களிலோ, மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட வைத்திய உதவியாளரை மூன்று தலைமுறையாக "டாக்டர் ஐயா" என்று அழைத்தே பழகிவிட்டோம். எனவே பட்டத்தின் பெயரால் மக்கள் மயங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. பட்டம் பெற்றவரே அதில் மயங்கிவிடுவதைப் பற்றித்தான் யோசிக்கவேண்டும்.

எனது பிரதான ஆட்சேபம் பணத்தைப் பற்றியதோ பெயரைப் பற்றியதோ அன்று. பாடத்தின் உள்ளடக்கம் எந்த வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. பக்கவாத நோயாளி வீடு திரும்புவதற்கான ஆயத்தம் என்று அமெரிக்கப் பாடம் சொல்லும்போது, அங்கே குளியல் தொட்டி இருக்கிறது, நாற்காலி உயரத்தில் மலகூடம் இருக்கிறது, வாசல்வரை கார் வருகிறது. நமது நோயாளி திரும்பிச் செல்வது 10க்கு 12 அடி லயன் அறைக்கு. படுக்கை தரையில். அடுப்பு தரையோடு. மலகூடம் லயத்துக்கு வெளியே, குந்தி இருக்கவேண்டியது. பாதையிலிருந்து லயத்துக்கு மண்ணில் வெட்டிய படிகள். மழை பெய்தால் நல்ல காலுள்ளவனே வழுக்குவான். நான்கு கால் நடைச் சட்டத்தை அந்தப் படியில் எங்கே ஊன்றுவது? முழங்கால் தேய்ந்தவரைக் குந்தவேண்டாம் என்று சொல்லிவிடலாம். குந்தாமல் அவர் எப்படிச் சமைப்பார், எப்படி வெளிக்குப் போவார்? தரையிலிருந்து எழும்பப் பழக்குவது, ஈரப் படியில் கைத்தடியோடு இறங்கப் பழக்குவது, கூடைக் கயிற்றின் பாரத்தைக் கழுத்திலிருந்து மாற்றுவது ஆகியவையே இங்கு உயர்கல்வியின் பாடங்களாக வேண்டும். இவை தாழ்ந்த பாடங்கள் என்று எவராவது நினைத்தால், ஒரு பக்கம் செயலிழந்த ஒருவரைத் தரையிலிருந்து எழுப்பிப் பார்க்கட்டும்.

மொழியும் இதனோடு சேர்ந்ததே. ஏனைய சிகிச்சைகளில் மொழி இல்லாவிட்டாலும் மருந்து தன் வேலையைச் செய்துவிடும். இயன் மருத்துவத்தில் சொல்தான் மருந்து. தோளைத் தூக்காமல் கையை மட்டும் தூக்கு, மூச்சை அடக்காதே, வலித்தால் நிறுத்து, இழுத்தால் நிறுத்தாதே. வலிக்கும் இழுப்புக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளியின் மொழியில் விளக்கத் தெரியாவிட்டால் பயிற்சி வீட்டில் தொடராது. மத்திய மாகாணத்தில் தமிழ் பேசும் நோயாளி, சிங்களம் பேசும் சிகிச்சையாளரின் சைகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகும் காட்சி சாதாரணமானது. அச்சிகிச்சையாளரைக் குறைகூற நான் வரவில்லை. அவர்களில் பலர் தாமாகவே பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். தமிழ் பேசும் பிள்ளைகள் இத்துறைக்குப் போதிய அளவில் வராததும் ஒரு காரணம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு இல்லாத தோட்டப்புறப் பாடசாலைகள் எத்தனை என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே இங்கேயே ஒரு வழி பார்க்கவேண்டும். அதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1980இல் நிறுவப்பட்ட இலங்கை திறந்த பல்கலைக்கழகம், 1990களில் கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையுடன், வேலையிலிருக்கும் தாதியருக்கெனத் தொலைக்கல்வி மூலமான இளமாணிப் பட்டத்தை ஆரம்பித்தது. வார்ட்டில் இரவுக் கடமை முடித்துவிட்டு, அச்சிட்ட பாடத்தை வீட்டில் படித்து, பிராந்திய நிலையத்துக்கு வகுப்புக்கு வந்து பட்டம் பெற்ற தாதியர் இந்நாட்டில் ஏராளம். அப்போது இணையமே நம் ஊர்களுக்கு எட்டவில்லை. அப்பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லவில் இருக்கிறது. மகாவலிக்கு அப்பால் சில மைல் தொலைவில் பேராதனை. அங்கு 1962 முதல் மருத்துவ பீடம் இருக்கிறது, இயன் மருத்துவத்தில் சிறப்புப் பட்டம் வழங்கும் இணை சுகாதார விஞ்ஞான பீடமும் இருக்கிறது. நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் கணினி வலையமைப்பின் தலைமையிடமும் பேராதனையே. 2020இல் கொவிட் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அவ்வலையமைப்பின் வழியாகத்தான் நாடெங்கும் விரிவுரைகள் நடந்தன. திகனவில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. பத்துப் பதினைந்து மைல் வட்டத்துக்குள் இத்தனையும் இருக்க, நமது இளைஞர் ஒமாஹாவின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஏன் எழும்பவேண்டும்?

பாடநெறி எப்படி அமையலாம்? நோய் வேறுபடுத்தல், மருந்தியல், ஆய்வு வாசிப்பு ஆகிய பாடங்களை இணையத்தில் வைக்கலாம். இவற்றுக்கு எல்லையில்லை, அமெரிக்கப் பாடநூலும் உதவும். விரிவுரையைப் பதிவுசெய்து தரவிறக்கக் கூடியதாக வைக்கவேண்டும். மலைச்சரிவில் தொலைபேசிச் சமிக்ஞை ஒரு பாறைக்கு இந்தப் பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் இராது. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு திகனவிலோ பேராதனையிலோ நேரில் கூடி, கையால் செய்யவேண்டியதைக் கையால் பழகவேண்டும். தொட்டுச் சோதிப்பதைத் திரையில் கற்க முடியாது. மூன்றாவது பங்கு மிக முக்கியமானது. ஒவ்வொரு மாணவரும் ஒரு தோட்டத்தையோ கிராமத்தையோ இரண்டு ஆண்டுகள் பொறுப்பேற்று, அங்குள்ள பக்கவாத, முதுகெலும்புக் காய, மூளைவாத நோயாளிகளைத் தேடிச்சென்று பார்த்து, குடும்பத்தில் ஒருவரைப் பயிற்றுவிக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட சமூக மட்டப் புனர்வாழ்வுக் கைநூல் இதே எண்ணத்தில் பிறந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 1990களில் இந்நாட்டில் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்றார்கள். அவர்களுக்கு ஆர்வம் இருந்தது. சந்தேகம் வந்தால் கேட்பதற்கு நிபுணர் இருக்கவில்லை. இன்று நிபுணர் உருவாகிறார், தொண்டரைக் காணோம். இரண்டையும் இணைப்பதற்கு இத்தகைய பாடநெறி ஒரு சந்தர்ப்பம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தின் மலைகளைச் சரித்துவிட்டுப் போனதன் பின்னர் இத்தேவை குறைந்திருக்கும் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

அதற்குக் கலாநிதி என்று பெயரிடுவதா, முதுமாணி என்று பெயரிடுவதா என்பதைப் பல்கலைக்கழக மூதவை பார்த்துக்கொள்ளட்டும். முதுமாணிப் படியைத் தாண்டாமல் நேரே கலாநிதிக்குப் போவது நமது வழக்கத்துக்கு ஒவ்வாது என்பாரும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அரச சேவையில் அதற்கு ஒரு சம்பளப்படி கிடைக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது. இல்லாவிட்டால் படிப்பவர் எவரும் இரார்.

"இங்கே படிப்பித்தாலும் பட்டத்தை எடுத்துக்கொண்டு வெளிநாடு போய்விடுவார்களே" என்று உடனே சொல்வார்கள். போவார்கள்தான். 2022க்குப் பின் வைத்தியர்களும் தாதியரும் போனதைக் கண்டோம். அவர்களைத் துரோகிகளாக ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நமது தோட்டங்களிலிருந்து வீட்டுப் பணிக்கு மத்திய கிழக்குக்குப் போன தாய்மாரை நாம் ஏசினோமா? ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். அமெரிக்க வீட்டை மனத்திற்கொண்டு படித்தவர் அமெரிக்க வீட்டுக்கே தயாராகிறார். லயன் அறையை ஆய்வுப் பொருளாகக் கொண்டு இரண்டு ஆண்டு படித்தவர் போனாலும், அவர் பயிற்றுவித்த குடும்பங்களும் எழுதிவைத்த தமிழ்ப் பயிற்சிக் குறிப்புகளும் இங்கே இருக்கும். அரச செலவில் படிப்பவரிடம் சில ஆண்டு சேவைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்குவதும் புதிய வழக்கமன்று.

முதலில் பெரிய தொகை எதுவும் வேண்டாம். பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு பிரிவு போதும். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களிலிருந்து, தனியாகப் பணிபுரிவோருக்கு முதலிடம் கொடுத்து. சனிக்கிழமைகளில் அவர்களுக்குக் கடமையிலிருந்து விடுப்பு வழங்க மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். தோட்டக் கம்பெனிகள் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் ஓர் அறையை மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கிக் கொடுக்கலாம். பேச்சுத் தமிழ் ஒரு கட்டாயப் பாடமாக இருக்கட்டும். பரீட்சை எழுத்தில் வேண்டாம். சிங்கள மாணவராயினும் தமிழ் மாணவராயினும், ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் கழுத்துப் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்து, அடுத்த மாதம் அவர் அதைச் சரியாகச் செய்து காட்டினால் புள்ளி வழங்கப்படட்டும்.